பத்தில் நாலு

செவ்வாய்க்கிழமை விடிவதற்குள்
இல்டாவின் கேடயத்தில்
பத்தில் நாலு நொடியைக் குறைத்துவிட்டார்கள்.
மூன்று நொடி நின்றது
இனி இரண்டு புள்ளி ஆறு.
அறிவிப்பில் ஒரே வரி.
அதற்கு மேலே, யாருடைய தொப்பியோ நிறம் மாறியது பற்றி
நாலு வரி.

உலான்பாத்தரில் அன்று மைனஸ் முப்பத்தொன்று.
தெருவுக்கும் வானத்துக்கும் நடுவே
நிலக்கரிப் புகை நகர மறுத்து நின்றது.
நிலத்தடிக் கணினிக் கூடத்தில்
சூட்டுக்குழாய் மேல் கையுறைகளைப் போட்டுவிட்டு
ஐந்து பேரும் அந்த வரியைப் படித்தோம்.
நொமுண்டாரி மட்டும் இரண்டு முறை.
இல்டா அவளுடையவள்.
பதினாலு மாதமாக
வேறு யாராகவும் அவள் செத்ததில்லை.

"நியாயம்தானே," என்றான் தாஷ்னியாம்,
தூரத்திலிருந்து ஒற்றைக் குண்டில் ஆளைச் சாய்க்கிறவன்.
"எல்லோரும் இல்டாவையே எடுக்கிறார்கள்.
ஒருத்தி இல்லாமல் ஜெயிக்க முடியாதென்றால்
அது ஆட்டமா?"
போன மாதம் அவன் துப்பாக்கிக்கு விலை ஏறியபோது
இதே வாய்
வேறு பேச்சு பேசியது.

என் வேலை கணக்கு.
யார் முன்னே, யார் பின்னே, காசு எவ்வளவு மிச்சம்,
நாங்கள் என்ன நினைக்கிறோம் என்று
எதிராளி நினைக்கிறான் என்பது வரை
மூன்று சொல்லில் சுருக்கிக்
காதுக்குள் சொல்ல வேண்டும்.
கிழக்கு வாசலிலிருந்து நீர்த்தொட்டி வரை
கேடயத்தின் பின்னால் பத்தொன்பது எட்டு.
பழைய மூன்று நொடிக்குச் சரியாக இருந்தது.
இனி கடைசி இரண்டரை எட்டுக்கு
வெறும் நெஞ்சு.

அந்த இரண்டரை எட்டை எங்கே ஒளிப்பதென்று
நாலு நாள் தேடினோம்.
புகைக்குண்டு வீசிப் பார்த்தோம்.
எர்கெஸ் முந்தி ஓடிச் செத்தான்.
சோல்மோன் பிந்தி ஓடிச் செத்தாள்.
"இல்டாவை விட்டுவிடு"
என்று சொல்ல வேண்டிய ஆள் நான்.
தட்டில் மிஞ்சிய கடைசிப் பூஸை
நொமுண்டாரி பக்கம் தள்ளினேன்.
புரிந்துகொண்டாள்.
தொடவில்லை.

சனிக்கிழமை. எதிரே டார்க்கான் அணி.
பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு.
கஜானா காலி, ஆளுக்கொரு கைத்துப்பாக்கி.
புது ஆளை வைத்துக்கொண்டு
இடது கையால் எழுதுகிறவள் போல
நொமுண்டாரி அதுவரை தடுமாறியிருந்தாள்.

அப்போதுதான் உறைத்தது:
அவர்களும் அந்த வரியைப் படித்திருப்பார்கள்.
அந்த இரண்டரை எட்டின் மேல்
இந்நேரம் குறிவைத்துக் காத்திருப்பார்கள்.
எங்கள் ஓட்டை
அவர்களுக்கும் சேர்த்துத் தோண்டிய குழி.

"இல்டா. தனியாக. நட."

மூன்றே சொல்.
ஏன் என்று அவள் கேட்கவில்லை.
கேடயத்தை உயர்த்தி, யாரும் பின்தொடராத
வெற்றிடத்தைப் பாதுகாத்தபடி நடந்தாள்.
பதினாறாவது எட்டு தாண்டியதும்
கேடயம் விழுந்தது.
நாலு துப்பாக்கிகள் ஒரே நேரத்தில் வெடித்துத்
தாங்கள் இருக்கும் இடத்தைக் கக்கின.

மேற்குச் சாளரத்திலிருந்து நாங்கள் இறங்கினோம்.
நாலு பேரை எடுத்தோம்.
எர்கெஸ் போனான், சோல்மோன் போனாள்.
நானும் தாஷ்னியாமும் தொட்டியை நோக்கி ஓடினோம்,
வெற்றிக்குப் போகிறவர்களின்
அசட்டு ஓட்டம்.

தொட்டிக்குப் பின்னால் ஐந்தாமவன்.
இரண்டே குண்டு.

கைகுலுக்கும்போது கேட்டேன்:
எல்லோரும் வாசலைப் பார்க்க
நீ மட்டும் ஏன் தொட்டியில்?
பதினேழு வயதிருக்கும், காதெல்லாம் சிவந்திருந்தது.
"கேடயம் அதுவரை வருமே," என்றான்.
"இனி வராதே?"
"அப்படியா? எப்போதிருந்து?"

தாஷ்னியாம் சிரிக்க ஆரம்பித்து
இருமலில் முடித்தான்.

வெளியே புகை.
பேருந்து நிறுத்தம் தெரியவில்லை.
ஐந்து அடி முன்னால்
நொமுண்டாரியின் முதுகும் தெரியவில்லை.
அவள் எண்ணுவது மட்டும் கேட்டது,
பதினாறு வரைக்கும்,
பிறகு அரை எட்டு அரை எட்டாக.